கீசருக்குச் சந்தனம்

பனிக்கொம்பை என்ற மலையூரில் ஐந்து பேர் ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தார்கள். ஐவருக்கும் ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஐந்து தலைக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட முறைவைத்துப் பயன்படுத்தியிருப்பார்கள், அவ்வளவு ஒற்றுமை. அவர்களில் மூத்தவன் தெய்வசிகாமணி, வயது முப்பத்தாறு; மற்ற நால்வர் வேலாயுதம், கொண்டல், பூவராகன், சாமிக்கண்ணு. அன்று பதினொரு மணிக்கு அவன் பெண் பார்க்கப் போக வேண்டும்.

பெண்ணின் பெயர் மரகதவல்லி. ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் அவனிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள். இத்தனை பேர் நிற்க, நம்மிடம் மட்டும் பேசினாளே என்று அன்றிலிருந்து இவனுக்கு அவள்மேல் உயிர். தரகரிடம் அவள் நகை பற்றிக் கேட்கவில்லை, நட்டு பற்றிக் கேட்கவில்லை. "குளிச்சுட்டு வரச் சொல்லுங்க" என்று ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். அதில் தவறினால் பேச்சு முறிந்தது என்றும் சொல்லி அனுப்பினாள்.

அந்த ஊர்க் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தொட்டால் தெய்வசிகாமணிக்கு ஜன்னி வந்துவிடும். சுவரில் மாட்டிய கேஸ் கீசரோ ஒன்பது நாளாகப் பற்றவில்லை. ஒன்பது நாளாகக் குளிக்காத மனிதன் பத்தாம் நாள் காலையில்தான் கீசரைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தான். அதற்கு முன்னால் அவசரம் என்ன?

வேலாயுதம் முற்றத்தில் நின்று மெக்கானிக் இஸ்மாயில் பாய்க்குப் போன் போட்டான். பாய் நிதானமான ஆள்.

"எடுத்ததும் கீசர்ல கை வைக்காதீங்க. முதல்ல கேஸ் வாடை வருதான்னு பாருங்க. வந்தா சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்துருங்க. சுவிட்சைத் தொடக் கூடாது. நெருப்பும் கூடவே கூடாது."

தெய்வசிகாமணியும் கூட வர, நால்வரும் வீட்டுக்குள் போய் மூச்சை இழுத்தார்கள்.

"வாடை வருது" என்றான் கொண்டல்.

"கேஸ் மாதிரி இல்லியேடா. இது நகருது" என்றான் பூவராகன்.

"வாடை எப்படி நகரும்?"

"தெய்வா இந்தப் பக்கம் வந்தா இங்க வருது. அந்தப் பக்கம் போனா அங்க போகுது."

உடனே சிலிண்டரை மூடினார்கள், ஜன்னலையெல்லாம் திறந்தார்கள், தெய்வசிகாமணியைப் பிடித்து முற்றத்தில் நிறுத்தினார்கள். பிறகு உள்ளே போய் மறுபடி மோந்து பார்த்தார்கள்.

"மாப்பிள்ளையை வெளியே தள்ளினதும் வாடை போயிருச்சுங்க பாய்" என்றான் வேலாயுதம்.

பாய், "சரி, சிலிண்டர் மூடியே இருக்கட்டும். தண்ணிக் குழாயை மட்டும் திறங்க. கீசர்ல டக்டக்னு பொறி விழுற சத்தம் கேக்குதா?" என்றார்.

கேட்கவில்லை. அப்படியானால் பொறி விழவைக்கும் பேட்டரி தீர்ந்திருக்கும், புதிதாக இரண்டு வாங்கிப் போடுங்கள் என்றார் பாய்.

அடுப்பில் ஒரு பானைத் தண்ணீர் வைத்தால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். பாய்தான் நெருப்பு கூடாது என்றாரே! இந்த நால்வரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். காலை டீயைக்கூடப் பச்சைத் தண்ணீரில்தான் கலக்கிக் குடித்தார்கள்.

பேட்டரி வந்தது. புதுப் பொருளைப் பூசை போடாமல் பயன்படுத்துவது எந்த ஊர் வழக்கம்? சாமிக்கண்ணு சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு பேட்டரிக்கும் தலையிலும் அடியிலும் கனமாகப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டான். கற்பூரம் காட்டும் நேரத்தில்தான் சிக்கல் வந்தது.

"நெருப்பு கூடாது. டார்ச் லைட்டைச் சுத்திக் காட்டுவோம்" என்றான் கொண்டல்.

"டார்ச்சுல பேட்டரி இல்லியே."

"இந்த ரெண்டையும் போடு."

"இதுகளை உள்ள போட்டுட்டா, யாருக்குடா ஆரத்தி காட்டுறது?"

நியாயமான கேள்வி. கால் மணி நேரம் யோசித்து, எரியாத டார்ச்சையே பயபக்தியோடு மூன்று சுற்று சுற்றினார்கள். வெளியே தெய்வசிகாமணியும் நடுங்கிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பேட்டரியை மாட்டினார்கள். சத்தம் வரவில்லை.

"முனையில அழுக்கு இருக்கும். நல்லா துடைச்சுட்டு மாட்டுங்க" என்றார் பாய் போனில்.

நன்றாகத் துடைத்தார்கள். துடைத்ததில் பொட்டு அழிந்துவிட்டது. பொட்டில்லாமல் மூளியாக எப்படி மாட்டுவது? மறுபடி சந்தனம் வைத்தார்கள், மறுபடி டார்ச்சைச் சுற்றினார்கள். மூன்று தடவை இப்படி நடந்தபின் பாய் கத்தினார்: "அப்பா சாமி! இனிமே எதையும் தொடாதீங்க. நானே வர்றேன்!"

அவர் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நால்வரும் கையைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார்கள். உட்கார்ந்தால் நாற்காலியைத் தொட்டதாகிவிடும்.

"தரையைத் தொடுறோமேடா?" என்று பூவராகன் கலங்கினான்.

"நாம செருப்பைத் தொடுறோம். தரையைச் செருப்பு தொடுது. பாய் செருப்புக்கு ஒண்ணும் சொல்லல" என்று வேலாயுதம் தீர்ப்பளித்தான்.

பாய் வந்தார். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார். "நான் சொன்ன அழுக்கு இதுதான்யா!"

"அது அழுக்கு இல்லிங்க பாய், சந்தனம்" என்றான் சாமிக்கண்ணு மனம் புண்பட்டு.

பாய் சந்தனத்தைச் சுரண்டி, துணியால் துடைத்து, பேட்டரியை மாட்டினார். குழாயைத் திறந்ததும் டக்டக் சத்தம் வந்தது. சிலிண்டரையும் திறந்துவிட்டார். நீலச் சுடர் குப்பென்று பற்றி வெந்நீர் கொட்டியது. முற்றத்தில் நின்ற தெய்வசிகாமணிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"சூடு சரியா இருக்கான்னு பாத்துட்டு மாப்பிள்ளையைக் குளிக்க விடுங்க" என்று சொல்லிவிட்டு, இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று பாய் கிளம்பிவிட்டார்.

முதலில் கொண்டல் குளித்துப் பார்த்தான். "கொதிக்குது" என்றான். ஒருவன் பேச்சை நம்பலாமா? பூவராகன் குளித்துவிட்டு, "வெதுவெதுப்புதான்" என்றான். வழக்கைத் தீர்க்க சாமிக்கண்ணு குளித்தான். கடைசியாக வேலாயுதம் எண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, துண்டோடு வந்து, "சூடு பதமா இருக்கு. நீ போடா தெய்வா" என்றான்.

அவன் போய்க் குழாயைத் திறந்தபோது மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணியோ பத்தே முக்கால்.

"அழாதே. நாங்க பேசிக்கிறோம்" என்று அவனை நடுவில் வைத்து அழைத்துப் போனார்கள்.

பெண்ணின் அப்பா சபாபதி வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். கூடத்தில் உட்கார வைத்ததும் கேட்டார்: "குளிச்சுட்டு வரச் சொல்லியிருந்தோமே?"

வேலாயுதம் எழுந்து கைகூப்பினான். "அதுல ஒரு குறையும் வைக்கலிங்க. கோயில்ல பேர் சொல்லி அர்ச்சனை பண்ற மாதிரி, அவர் பேரைச் சொல்லி நாங்க நாலு பேரும் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்திருக்கோம்."

உள்ளேயிருந்து மரகதவல்லி தட்டோடு வந்தாள். நான்கு டம்ளர் காப்பியை நால்வருக்கும் கொடுத்தாள். வெறுந்தட்டோடு தெய்வசிகாமணியின் முன்னால் நின்று, "உங்களுக்காக அவங்களே குடிச்சுருவாங்க" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

நமக்கென்று நாலு டம்ளர்! தெய்வசிகாமணிக்கு மனம் நிறைந்துவிட்டது. குனிந்து வேலாயுதத்தின் காதில், "எப்படிடா இருக்கு?" என்று கேட்டான்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, சபாபதியைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான்.

"காப்பி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க மாமா. கல்யாணத்துக்கு அப்புறம் சர்க்கரையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க."