ஒற்றைக்கொம்பனுக்கு நிழல் உண்டா?

ஒற்றைக்கொம்பன் என்ற கடமான் பதினான்கு கோடை விளையாடி ஓய்ந்தது. மறுநாள் மாலை, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எண்பத்து மூன்று விலங்குகள் ஆனைக்குட்டையில் கூடின.

ஆனைக்குட்டை கோடையில் வற்றிவிடும். வற்றிய தரையில் கிழக்குக் கரை விலங்குகளும் மேற்குக் கரை விலங்குகளும் நெற்றாட்டம் ஆடும். ஆற்றில் மிதந்து வரும் காய்ந்த தேங்காய் நெற்றுதான் பந்து. அதை உதைத்து இரண்டு பனைகளுக்கு நடுவே அனுப்பினால் ஒரு புள்ளி. ஓடலாம், தள்ளலாம், மோதலாம். ஒன்று மட்டும் கூடாது. பறந்து வரும் நெற்றை ஒருவர் பிடித்துவிட்டால், அதன் பிறகு அவரைத் தொடக்கூடாது.

ஒற்றைக்கொம்பன் கிழக்குக் கரைக்காக முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள் எடுத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் மரங்கொத்தி மருத மரத்தில் ஒரு துளை போட்டு வைத்திருந்தது. வேறு யாரும் இருநூறைத் தாண்டியதில்லை. ஆனால் மோதி ஒன்பது பேரை ஊனமாக்கியதும் அதே ஒற்றைக்கொம்பன்தான். அதற்கு யாரும் துளை போடவில்லை.

ஓய்ந்த ஆட்டக்காரருக்கு மருத மரத்தடியில் நிழல் கொடுப்பதா வேண்டாமா என்று எல்லோரும் கூடி முடிவு செய்வது வழக்கம். அந்த நிழலைக் காட்டெருமைகள் காவல் காத்தன. அங்கே இடம் கிடைத்தால் சாகும்வரை பயமில்லை. கிடைக்காவிட்டால் எதிரே இருக்கும் மொட்டைப்பாறைக்குப் போய்விட வேண்டும்.

ஒற்றைக்கொம்பனின் பின்னங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. அதனால் ஓட முடியாது. மொட்டைப்பாறையில் அப்போதே மூன்று செந்நாய்கள் வந்து உட்கார்ந்திருந்தன.

மரத்தடியில் இரண்டு குழிகள் இருந்தன. ஒன்று 'இருக்கட்டும்' குழி. மற்றது 'போகட்டும்' குழி. மரங்கொத்தி ஆளுக்கு ஒரு கூழாங்கல் கொடுத்தது.

"எண்பத்து மூன்று பேர், எண்பத்து மூன்று கற்கள். வெயில் மலையைத் தொடுவதற்குள் குழியில் போட்டுவிடுங்கள். குழியில் விழாத கல் செல்லாது!" என்றது. பலர் உடனே போட்டுவிட்டார்கள்; மற்றவர்கள் பேச்சைக் கேட்கக் கல்லோடு காத்திருந்தார்கள்.

முதலில் நரி எழுந்தது. அது கிழக்குக் கரை. ஒற்றைக்கொம்பன் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட அது விட்டதில்லை.

"இதில் பேச என்ன இருக்கிறது? எங்கள் தலைவன் போல் இன்னொருவன் இந்தக் காட்டில் பிறப்பானா?"

"பிறக்கவே வேண்டாம், சாமி! இந்த ஒருவனுக்கே எங்கள் கரையில் பாதிப் பேர் நொண்டுகிறார்கள்!" என்றது மேற்குக் கரைக் கீரி.

மேற்குக் கரை முழுவதும் சிரித்தது.

"அடே கீரி! ஆட்டம் என்றால் அடிபடத்தான் செய்யும். பயமாக இருந்தால் வளைக்குள் படுத்துக்கொள்!"

"முந்நூறு புள்ளி என்று துள்ளுகிறாயே! பனைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மற்றவர்கள் ஓடிக் கொண்டுவந்ததை உதைத்தவன்தானே உன் தலைவன்! என் பாட்டன்கூட எடுப்பான் அந்தப் புள்ளியை!"

"உன் பாட்டன் நெற்றுக்குள் நுழைந்து தூங்குவான்!"

இப்போது கிழக்குக் கரை சிரித்தது. ஒற்றைக்கொம்பன் சிரிக்கவில்லை. அது மொட்டைப்பாறையைப் பார்த்தது. ஐந்து செந்நாய்கள் இருந்தன.

பேச்சு சுற்றிச் சுற்றி நெட்டைவாலின் கையில் வந்து நின்றது.

நெட்டைவால் மேற்குக் கரை மந்தி. ஒரு காலத்தில் அதைப்போல் உயரத் தாவி நெற்றைப் பிடிப்பவர் யாரும் இல்லை. ஆறு கோடைக்கு முன், கடைசி ஆட்டத்தின் கடைசி நொடியில், அது நெற்றுக்காகத் தாவியது. ஒற்றைக்கொம்பன் மோதியது. நெட்டைவாலின் இடது கை ஒடிந்தது. கீழே விழுந்த நெற்றை ஒற்றைக்கொம்பன் உதைத்து ஒரு புள்ளி எடுத்தது. அந்த ஒரு புள்ளியில் கிழக்குக் கரை வென்றது.

மந்தி நெற்றைப் பிடித்த பிறகு மோதியதா, பிடிப்பதற்கு முன் மோதியதா? ஆறு கோடையாக இதுதான் சண்டை.

"பிடித்துவிட்டாள்! இரண்டு கையும் நெற்றின் மேல் இருந்ததை நான் பார்த்தேன்!" என்று கத்தியது கீரி.

"நீ புல்லுக்குள் இருந்தாய்! உனக்கு என்னடா தெரியும்? அவள் கைக்கு நெற்று வரவே இல்லை. நடிக்கிறாள்!" என்றது நரி.

"ஒடிந்த கை நடிக்குமா?"

"பிறகு ஏன் அவளே எதுவும் சொல்வதில்லை?"

கீரிக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த கல்லை நரியின் மேல் எறிந்தது. கல் நரியின் காதில் பட்டது. நரி தன் கல்லைத் திருப்பி எறிந்தது. அது கீரியின் மேல் படாமல், சும்மா இருந்த முள்ளம்பன்றியின் மேல் பட்டது. முள்ளம்பன்றி எறிந்தது. காட்டுக்கோழி எறிந்தது. சிறிது நேரம் குட்டை முழுவதும் கற்கள் பறந்தன.

"நிறுத்துங்கள்! அவை தீர்ப்புக் கற்கள்!" என்று மரங்கொத்தி கத்தியது. அதன் குரல் சிறியது. யாருக்கும் கேட்கவில்லை.

கற்கள் தீர்ந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. வெயில் மலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

மரங்கொத்தி இறங்கி வந்து குழிகளை எண்ணியது. இன்னொரு முறையும் எண்ணியது.

"இருக்கட்டும் குழியில் பத்தொன்பது. போகட்டும் குழியில் பத்தொன்பது. நாற்பத்து நான்கு கற்களை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துவிட்டீர்கள். அவை செல்லாது."

"ஐயா! என் தலைவனுக்காகத்தானே எறிந்தேன்!" என்று நரி அலறியது. "குனிந்து எடுத்துப் போட்டுவிடுகிறேனே!"

"எறிந்தது எறிந்ததுதான்," என்றது மரங்கொத்தி. "மொத்தம் எண்பத்து இரண்டு. ஒரு கல் இன்னும் வரவில்லை."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நெட்டைவால் தன் வலது கையில் ஒரு கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாறையில் எட்டுச் செந்நாய்கள் எழுந்து நின்றன.

"போடு, நெட்டைவால்! போகட்டும் குழியில் போடு! உன் கைக்குப் பதில் கிடைக்கட்டும்!" என்றது கீரி.

"அக்கா, அக்கா! பழசை மறந்துவிடக் கூடாதா?" என்று நரி குழைந்தது. இதுவரை அது நெட்டைவாலை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.

நெட்டைவால் எழுந்தது. இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நேராக ஒற்றைக்கொம்பனின் முன்னால் போய் நின்றது.

"உன்னைப் போல் ஓர் ஆட்டக்காரனை நான் பார்த்ததில்லை. எதிரில் நின்று ஆடியவள் சொல்கிறேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு கேள்விதான். அன்று நெற்று என் கையில் இருந்ததா, இல்லையா?"

ஒற்றைக்கொம்பன் வாயைத் திறந்தது.

"பேசாதே, தலைவா!" நரி பாய்ந்து குறுக்கே வந்தது. "இருந்தது என்று சொன்னால் அந்த வெற்றி போய்விடும்! நம் கரைக்கே அவமானம்! அவளும் கல்லை அந்தக் குழியில்தான் போடுவாள்!"

ஒற்றைக்கொம்பன் நரியின் பக்கம் திரும்பியது.

"ஆறு கோடையாக நீ எனக்காகப் பொய் சொன்னாய். அதனால் நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. கொஞ்சம் விலகு."

பிறகு மந்தியிடம் சொன்னது:

"நெற்று உன் கையில்தான் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துவிட்டாய். நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் மோதினேன். தோற்க எனக்கு மனம் வரவில்லை. உன் கை ஒடிந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை."

கிழக்குக் கரை தலை குனிந்தது. கீரி குதித்தது.

"கேட்டீர்களா! அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்! போடு, நெட்டைவால்!"

வெயில் மலையைத் தொடப்போனது. நெட்டைவால் குழிகளை நோக்கி நடந்தது. போகட்டும் குழியின் மேல் கையை நீட்டியது. அங்கேயே சற்று நின்றது. ஒற்றைக்கொம்பன் கண்ணை மூடிக்கொண்டது.

கல் விழுந்த சத்தம் கேட்டது.

"இருக்கட்டும் குழியில் இருபது," என்றது மரங்கொத்தி.

"உனக்குப் பைத்தியமா?" என்று கீரி கத்தியது.

"நீ எனக்காக ஒன்றும் கத்தவில்லை, கீரி. அவன் புள்ளிகள் உனக்கு உறுத்தின. அதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டாய்," என்றது நெட்டைவால். "என் கைக்கு என்ன நடந்தது என்று என்னைத் தவிர நேராகத் தெரிந்தவன் இவன் ஒருவன்தான். இவனைச் செந்நாய்க்குக் கொடுத்துவிட்டால், நாளை இந்த நரி மறுபடி என்னை நடிப்புக்காரி என்பான். யார் மறுத்துச் சொல்வார்கள்?"

பிறகு மரங்கொத்தியிடம் திரும்பியது.

"ஐயா, உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது."

மரங்கொத்தியின் கணக்கில் பிழை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அதற்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. மரத்தில் ஏறித் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனது. இருநூற்று ஏழாவது துளையில் நின்றது. அதுதான் அந்த ஆட்டத்தின் கடைசிப் புள்ளி. வேங்கைப் பிசின் கொண்டுவந்து அதை அடைத்தது. பிறகு கீழே வந்து, அதே பக்கத்தில், ஊனமான ஒன்பது பேருக்காகப் புதிதாக ஒன்பது துளைகள் போட்டது.

"முந்நூற்றுப் பதினொன்று. கீழே ஒன்பது," என்றது. "இப்போது சரி."

நரி முனகியது. "ஒன்பது அதிகம்!"

கீரியும் முனகியது. "முந்நூற்றுப் பதினொன்று அதிகம்!"

மொட்டைப்பாறையில் செந்நாய்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. ஒற்றைக்கொம்பன் நொண்டி நொண்டி மருத நிழலுக்கு வந்து படுத்தது. படுத்தால் அதன் கண்ணுக்கு நேரே அந்த ஒன்பது துளைகள் இருந்தன. அதன் பிறகு அது வேறு பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.

நமக்குப் பிடித்தவரின் குற்றத்தை மறைப்பதும் பிடிக்காதவரின் திறமையை மறைப்பதும் ஒரே பொய்தான். இரண்டையும் உள்ளபடி எண்ணிச் சொல்வதே நியாயம்.