மணல் விட்ட பிடி

அந்தக் காலத்தில் மணலுக்கும் வாய் இருந்தது, மாட்டுக்கும் வாய் இருந்தது. கடற்கரை ஆட்களுக்கோ வாயைவிட ரோஷம் அதிகம். ஒருவர் கை வைத்த வேலையில் இன்னொருவர் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால், "உனக்குத் தெம்பில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னதாக அர்த்தம்.

ஒருநாள் காலையில் கொம்பையா கரையேற்றிய படகு சறுக்கி வந்து, அவன் காலைப் பாறையோடு வைத்து நெரித்துவிட்டது. மல்லாந்து கிடந்தான். கடலோ ஏறிக்கொண்டிருந்தது. படகு மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் வருவதற்குள் அவன் மூக்கு முங்கிவிடும்.

அவன் பெண்டாட்டி நீலாயி போட்ட கூச்சலில் ஊரே ஓடி வந்தது. வந்து என்ன செய்தது? வரிசையில் நின்றது! முதலில் ஊர்த்தலைவர் தள்ளினார். அடுத்து அவர் தம்பி. அப்புறம் ஒரு காளை, "நகருங்கப்பா" என்று வந்து முட்டிப் பார்த்தது. ஒன்பது பேர் முறை வைத்துத் தள்ளியும் படகு அசையவில்லை. தண்ணீர் கொம்பையாவின் காதுக்கு வந்துவிட்டது.

"நீ வீட்டுக்குப் போயிரு புள்ள. இதப் பாக்காத" என்றான். பாவம், அந்த நிலையிலும் அவனுக்கு அவள் கவலைதான்.

நீலாயி மணலை ஓங்கி அறைந்தாள். "பாவி மணலே, ஏன் இப்பிடிப் பிடிச்சு வச்சிருக்க?"

மணலுக்கும் மனசு கேட்கவில்லை. "என் பிறவி அப்பிடி தாயி. எவ்வளவு தள்ளுறாங்களோ அவ்வளவுக்கு எதுத்து நிப்பேன். காளை தள்ளுனா காளை பலம், ஆளு தள்ளுனா ஆளு பலம். ஆனா எனக்கும் ஒரு எல்லை இருக்கு. என் மேல கனம் கொறைஞ்சா அதுவும் கொறையும். அந்த எல்லையத் தாண்டித் தள்ளிட்டா விட்டுருவேன். நகந்துட்டா என் பிடி இன்னும் லேசு. நடுவுல நின்னா மட்டும் பழையபடி இறுக்கிருவேன்."

நீலாயி எழுந்தாள். படகில் கிடந்த ஈர வலையை இழுத்து வெளியே எறிந்தாள். தலைவர் மறுபடி தள்ள வந்தபோது, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"என் பலத்த என்னன்னு நெனச்ச?" என்று சீறினார் தலைவர்.

"ஒங்க மானம் பெருசுதான் அண்ணாச்சி. எம் புருஷன் வாய்க்குத் தண்ணி வந்துருச்சே!"

அவர் தலை குனிந்தது. கையை எடுக்கவில்லை. "வாங்கடா எல்லாரும்" என்றார். கைகள் சேர்ந்தன, ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் தள்ளின. மணல் அசரவில்லை. நீலாயி அடிவயிற்றிலிருந்து, "ஐலசா!" என்று கத்தினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது. அந்தக் குரலுக்கு எல்லோரும் ஒன்றாகத் தள்ள, படகு வெடுக்கென்று நகர்ந்தது. ஆச்சரியத்தில் கைகள் தளர்ந்தன.

"விட்டுராதீங்க! ஐலசா!" என்று அலறினாள்.

படகு விலகியது. கொம்பையாவை அவள் வாரி இழுத்துக் கரையில் போட்டாள். அவன் உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு மூச்சு விட்டான். அவனை இரண்டு அடி அடித்துவிட்டு ஓவென்று அழுதாள் நீலாயி. தலைவரும் அழுதார்.

அன்று முதல்தான், தன்னால் நகர்த்த முடியாத கனத்துக்கு முன்னால் நிற்கிறவன் வெட்கப்படாமல் நாலு பேரைக் கூப்பிடுகிறான். வந்தவர்களும் "ஐலசா" என்று ஒரே குரலில் தள்ளி, நடுவழியில் நிறுத்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.