எண்ணெய் வணிகனின் தாகம்

ஏரிக்காகப் பறவைகள் அரசவை ஏறி வழக்குச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்திலே, நீர்மங்கலம் என்ற நாட்டிலே, சேந்தன் என்றொரு எண்ணெய் வணிகன் இருந்தான். அவனுடைய நான்கு படகுகள் ஏரியைக் கடந்து எண்ணெய் கொண்டுபோகும். நான்குமே உளுத்துப்போனவை.

ஒருநாள் ஒரு படகு பிளந்தது. குடம் குடமாக எண்ணெய் ஏரியில் கொட்டியது. மீன்கள் செத்து மிதந்தன. நீரைக் கெடுத்தவன் பத்துப் பொன் கட்ட வேண்டும் என்பது சட்டம். சேந்தன் சிரித்துக்கொண்டே கட்டினான். 'புதுப் படகுக்கு நூறு பொன் ஆகும். அபராதம் பத்துதானே!'

அதே படகை ஒட்டுப்போட்டு ஏரியில் விட்டான். மறுபடி பிளந்தது, மறுபடி அபராதம் கட்டினான். மூன்றாம் முறை படகே மூழ்கியது.

அன்று ஒரு கூழைக்கடா அரசவைக்கு வந்தது. சிறகெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

"பறக்க முடியவில்லை, தாயே. நடந்தே வந்தேன். என் குஞ்சு மூன்றும் போய்விட்டன."

அரசி நன்முல்லை சேந்தனை அவைக்கு வரவழைத்தாள். பிறகு கூழைக்கடாவிடம் சொன்னாள்: "தப்பு இவனுடையது மட்டுமில்லை. பத்துப் பொன் என்று எழுதிய என் சட்டமும் தப்புதான். தண்டனையை நீயே சொல்."

"இவன் கையால் சுத்தம் செய்த நீர் மட்டுமே இவன் தாகத்தைத் தீர்க்கட்டும். இவனால் ஏரிக்கு இனி ஆபத்தில்லை என்கிற நாள்வரைக்கும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றாள் அரசி.

சேந்தன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். வாயில் எண்ணெய். பால் குடித்தான். எண்ணெய். இளநீர் குடித்தான். அதுவும் எண்ணெய்! நாக்கு வறண்டு ஏரிக்கு ஓடினான். கரையில் மருதாயி என்ற மீனவப்பெண் வெறும் வலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த எண்ணெயை எப்படி எடுப்பது?"

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "வைக்கோலைப் பிரியாகத் திரித்து மிதக்கவிடு. எண்ணெய் அதில் ஒட்டும். இழுத்துக் கரையில் போடு."

பகலெல்லாம் இழுத்தான். சாயங்காலம் ஒரு கை நீர் தெளிந்தது. அதைக் குடித்தான். குடித்துவிட்டு அழுதான்.

மூன்று மாதம் இழுத்தான். ஏரி தெளிந்தது. ஆசையோடு கிணற்று நீரை வாயில் வைத்தான். எண்ணெய்!

"ஏரிதான் சுத்தமாகிவிட்டதே! இன்னும் ஏன்?" என்று கரைக்கு ஓடிக் கூழைக்கடாவிடம் கதறினான்.

"துறையில் என்ன நிற்கிறது, பார்."

மீதி மூன்று படகுகள் நின்றன. சேந்தன் தலைகுனிந்தான். இத்தனை நாளும் அவை கண்ணில் படவே இல்லையே! கோடரியை எடுத்தான். ஒன்றை உடைத்தான், இரண்டை உடைத்தான், மூன்றையும் உடைத்தான். கிணற்று நீர் இனித்தது.

பத்துப் பொன் சட்டத்தை அரசி அழித்தாள். 'கெடுத்தவனே சுத்தம் செய்யட்டும். கெட்டதன் காரணத்தையும் களையட்டும்' என்று கல்லில் வெட்டினாள்.

சேந்தன் மருதாயியிடம் விடைபெற வந்தான்.

"உன் சாபம் தீர்ந்தது. என் வலையில் இன்னும் மீன் விழவில்லையே," என்றாள் அவள்.

அவன் திரும்பிப் போகவில்லை. மழைக்காலம்வரை அவளோடு குஞ்சு மீன்களைக் கொண்டுவந்து ஏரியில் விட்டான். தை பிறந்தபோது அவள் வலை கனத்தது. கூழைக்கடாவும் கூடு கட்டியது. மூன்று முட்டைகள் இட்டதாம்; நீர்மங்கலத்தார் அப்படித்தான் சொல்கிறார்கள்.