உடைந்த ஜாய்ஸ்டிக் யாருக்கு?

"குருவே, இந்தப் பெட்டி இனிமே எதுக்கு?"

இசக்கிமுத்து தன் பழைய கேம் பெட்டியைச் செலின் வீட்டு மேசைமேல் வைத்தான்.

செலினுக்கு அவனைவிட ஐந்து வயது குறைவு. தூத்துக்குடியில் அவள் அப்பா கேம் சென்டர் நடத்திய காலத்தில், வந்தவர்களையெல்லாம் தோற்கடித்தவள். தோற்றவர்கள் கிண்டலாக வைத்த 'குரு' என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது தலை நரைத்தவர்கள்கூட மனக்குறை என்றால் அவளிடம்தான் வருகிறார்கள்.

"பெட்டிக்கு என்னண்ணே குறை?"

"குறை ஒண்ணுமில்ல. இப்ப எல்லாம் இன்டர்நெட் லைன்லயே வருது. கேம் எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல ஓடும், நம்ம டிவில படம் தெரியும், நாம ஆட வேண்டியதுதான். பெட்டி வேண்டாம், டிஸ்க் வேண்டாம். நானும் கஸ்பாரும் அவங்கவங்க வீட்டுல இருந்தே ஆடுதோம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா ஒரு மாசமா கஸ்பார் ஆட வரவே மாட்டேங்கான். போன் அடிச்சா வேலைங்கான். பள்ளிக்கூடத்துல இருந்து கூட வந்தவன், குருவே. அவன் இல்லாம எனக்கு ஞாயித்துக்கிழமையே வெளங்கல."

செலின் அவன் கொண்டுவந்த பையைத் திறந்தாள். பைக்குள் கைவிட்டு இரண்டு ஜாய்ஸ்டிக்குகளை எடுத்தாள். ஒன்றில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இது என்னண்ணே?"

இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது.

"கஸ்பார் கீழ போட்டு ஒடச்சது. காலேஜ் படிக்கும்போது. அத வச்சு ரேஸ் ஆடினா வண்டி இடப்பக்கமே இழுக்கும். புதுசு வாங்க வக்கில்ல. அதனால ஜெயிச்சவனுக்கு அடுத்த ஆட்டத்துல ஒடஞ்சதுன்னு வச்சுக்கிட்டோம்."

"பிறகு வேலைக்குப் போனீங்களே. அப்பவும் வாங்கலையா?"

"வாங்கத் தோணல."

செலின் பெட்டியை டிவியில் மாட்டினாள். நல்ல ஜாய்ஸ்டிக்கை அவனிடம் கொடுத்து, டேப் சுற்றியதைத் தானே வைத்துக்கொண்டாள்.

"ஒரு ஆட்டம் போடுவோம்."

டிஸ்க் கரகரவென்று சுற்றத் தொடங்கியது. திரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை.

"லைன்ல இந்தக் காத்திருப்பே இல்ல," என்றான் இசக்கிமுத்து.

சொன்ன பிறகு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். இப்படி டிஸ்க் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் கஸ்பார் தன் காதலைச் சொன்னான். வேலை போனதைச் சொன்னதும் இப்படி ஒரு நேரத்தில்தான். முகத்தைப் பார்க்காமல், திரையைப் பார்த்தபடியே சொல்லுவான்.

ஆட்டம் வந்தது. செலினின் வண்டி இடப்பக்கமாகவே போய்ச் சுவரில் உரசியது. இசக்கிமுத்து ஜெயித்தான்.

ஜெயித்த கையோடு நல்ல ஜாய்ஸ்டிக்கை அவள் மடியில் வைத்தான். டேப் சுற்றியதற்காகக் கை நீட்டினான்.

செலின் அதை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"லைன்ல யாருண்ணே ஜெயிப்பா?"

"நான்தான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"ஜெயிச்ச பிறகு?"

"அடுத்த ஆட்டம்."

செலின் பிடியை விட்டாள்.

டேப் சுற்றியது அவன் கைக்கு வந்தது. இசக்கிமுத்து அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து ஒயரைப் பிடுங்கிச் சுற்றி, பெட்டியைப் பைக்குள் வைத்தான். குருவிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்துபோனான்.

கஸ்பார் தன் வீட்டுக் கதவைத் திறந்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"என்னலே, லைன் போச்சா?"

"லைன் நல்லாத்தாம்ல இருக்கு."

இசக்கிமுத்து உள்ளே போய்ப் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்து ஒயரை மாட்டினான். கஸ்பார் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு வந்து தரையில் உட்கார்ந்து கை நீட்டினான்.

"ஒடஞ்சத இங்க குடு. பெட்டில கடைசியா ஜெயிச்சது நான்தான்."

இசக்கிமுத்து கொடுக்கவில்லை. நல்லதை அவன் பக்கம் தள்ளினான்.

"அப்போ நான் லைன்ல ஜெயிச்சதெல்லாம்?"

டிஸ்க் கரகரத்தது. கஸ்பார் திரையைப் பார்த்தபடியே இருந்தான். கடைசியில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதையும் சேத்தா, ஆயுசு முழுக்க ஒடஞ்சது உனக்குத்தாம்ல."