கண்ணாடிக் கண்ணைத் துடைத்த இறால்

காட்டில் நடந்த கதைகளையே எத்தனை நாள் கேட்பீர்கள், குழந்தைகளே? இது கடலடியில் நடந்தது.

அங்கே ஒரு பாறைமேல் மனிதர்கள் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். அதற்கு ஒரு கண்ணாடிக் கண் உண்டு. நஞ்சு கலந்த தண்ணீர் வந்தால், அந்தக் கண் தொலைவிலேயே பார்த்துவிடும். உடனே கருவியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். அதைக் கண்டதும் மீன்கள் குடும்பத்தோடு தப்பி ஓடும். அவற்றின் உயிரே அந்தக் கண்ணை நம்பித்தான் இருந்தது.

கண்ணுக்குக் காவல் ஒரு நண்டு. பெரிய கொடுக்கு, அதைவிடப் பெரிய வாய்.

ஒரு நாள் கண்ணாடியில் லேசாக வழுவழுப்பு படிந்தது. சின்ன இறால் ஒன்று ஓடிவந்து தன் மெல்லிய கால்களால் அதைத் துடைத்தது.

"பாசிகூட இன்னும் பிடிக்கவில்லை. எதைத் துடைக்கிறாய்?" என்று சிரித்தது நண்டு.

"பிடிக்கக் கூடாது என்றுதான் துடைக்கிறேன், அண்ணே. நீங்களும் கொஞ்சம் உதவுங்களேன்."

"இந்தக் கொடுக்கு சண்டை போடுவதற்கு. வீடு மெழுகுவதற்கு அல்ல!"

அப்போது ஒரு கொட்டலசுக் குஞ்சு மிதந்து வந்தது. பாறையிலும் படகின் அடியிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளுமே, அந்த இனம்தான்.

"மாவீரரே, நான் மணலளவுகூட இல்லை. ஓரமாக ஒண்டிக்கொள்ளட்டுமா?"

நண்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இருந்துவிட்டுப் போ. வாலாட்டினால் ஒரே நசுக்கு!"

"வேண்டாம் அண்ணே!" என்று பதறியது இறால். நண்டு காதில் வாங்கவில்லை.

ஒட்டிய குஞ்சு தன் இனத்தையெல்லாம் கூப்பிட்டது. சில வாரங்களில் கண்ணாடியெங்கும் கல் போன்ற கூடுகள். நண்டு கொடுக்கை ஓங்கி அடித்தது. கூடுகளின் முனை உடைந்தது, அடி பெயரவில்லை. கொடுக்குதான் விரிசல் கண்டது.

"கண் போச்சே!" என்று மீன்கள் அழுதன.

இறால் அழவில்லை. மீதி இருந்தது நகக்கண் அளவு இடம். அதை வேளை தவறாமல் துடைத்தது. ஒட்ட வந்த குஞ்சுகளை உட்காரும் முன்பே தள்ளிவிட்டது. கால்கள் ஒடிந்தன. அப்போதும் விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது!

ஒரு காலையில் நஞ்சுத் தண்ணீர் கலங்கலாக வந்தது. அந்தத் துளி இடத்தின் வழியே கண் பார்த்துவிட்டது. விளக்கு சிவந்தது! மீன்கள் பாய்ந்தன. நண்டு இறாலை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடியது.

"எங்களையும் பெயர்த்துக்கொண்டு போங்களேன்!" என்று கொட்டலசுகள் கதறின.

நண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"பெயர்க்க முடிந்தால் அன்றைக்கே பெயர்த்திருப்பேனே!"

நீதி: தீங்கைச் சிறிதாக இருக்கும்போதே துடைத்துவிடு; ஊன்றிவிட்டால் பலசாலியாலும் பெயர்க்க முடியாது.