குனிந்து பார்த்த டாக்டர்

“ஏம்மா, உம்பட மெஷினு குருடு” என்றார் டாக்டர் சென்னியப்பன்.

மேகலா மேசையில் பழகுவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் முழங்காலைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினாள்.

கோயம்புத்தூரில் மூட்டு மாற்றுகிற டாக்டர் என்றால் சென்னியப்பனைத்தான் கை காட்டுவார்கள். மேகலாவும் டாக்டர்தான்; ஒரு காலத்தில் அவரிடம் எலும்பறுக்கும் ரம்பம் பிடிக்கக் கற்றவள். இப்போது ஆஸ்பத்திரிக்கு ரோபோ வந்துவிட்டது. மற்ற டாக்டர்களுக்கு அதைப் பழக்கிக் கொடுப்பவள் அவள்தான். அவள் தலையசைக்காமல் யாரும் அந்த மெஷினை நோயாளியிடம் கொண்டுபோக முடியாது. காலம் அப்படித் திரும்பிவிட்டது, யாரைக் குறை சொல்ல?

சென்னியப்பன் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். அக்காவின் முழங்கால்தான் அவரை அங்கே இழுத்து வந்தது.

அக்கா பழனாத்தாவுக்கு மூட்டு தேய்ந்து, சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. மெஷின் இல்லாமல் செய்வதென்றால், தொடையெலும்புக்குள் ஒரு கம்பியை விட்டுத்தான் நேர் பார்க்க வேண்டும். அக்காவின் எலும்புக்குள் ஏற்கெனவே ஒரு கம்பி இருக்கிறது. முன்பு பஸ்ஸிலிருந்து விழுந்தபோது சென்னியப்பனே அடித்து இறக்கியது. இன்னொன்றை விட இடமில்லை; மெஷின்தான் வழி.

“உன்ற கால நானேதான் பண்ணுவேன்” என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்.

“முதுகுல ஊசி போட்டு, முழிச்சுட்டே கெடக்கோணும்ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குது சாமி. உம்பட மூஞ்சி தெரிஞ்சுட்டே இருக்கோணும்” என்றாள் அக்கா.

“அறுக்கறவன் மூஞ்சி, நடுவுல மறைச்சுக் கட்டற துணிக்கு அந்தப் பக்கம் இருக்கும்க்கா” என்று சிரித்தார்.

அடுத்த வாரம் ஆபரேஷனுக்குத் தேதி. மேகலா இன்னும் தலையசைத்தபாடில்லை.

மெஷினின் சங்கதி இதுதான். எலும்பில் பளபளக்கும் சின்ன உருண்டைகளைப் பொருத்துவார்கள். எதிரே உயரமான தூணில் ஒரு கேமரா. உருண்டைகள் கேமராவுக்குத் தெரிகிறவரை மெஷினுக்கு எலும்பு எங்கே என்று தெரியும். தெரியாத நொடியில் திரை இருண்டு ரம்பம் நின்றுவிடும்.

சென்னியப்பன் கையில் அது நின்று நின்று போனது.

உருண்டைகள் அழுக்கு என்றார். துடைத்தார்கள். கேமரா பழுது என்றார். கம்பெனி இன்ஜினீயர் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். பிறகு விளக்கைத் திட்டினார். ஏசியைக்கூட விட்டுவைக்கவில்லை.

“எங்கையி எத்தன மூட்டப் பாத்திருக்குது!”

“பாத்திருக்குதுங்க சார்.”

“அப்புறமென்ன? தலையாட்டு.”

“இன்னொருக்காப் பண்ணுங்க சார்.”

பண்ணினார். திரை இருண்டது.

கையுறையைக் கழற்றி வீசினார். காலியான ஆபரேஷன் தியேட்டருக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார்.

“வாயத் தொறந்து சொல்லேன்! நான் என்ன தப்புப் பண்றேன்?”

மேகலா மெஷினை அணைத்தாள். கேமராத் தூணை ஓரமாகத் தள்ளினாள். அது இருந்த இடத்தில் ஏறி நிற்கும் பலகை ஒன்றைப் போட்டாள்.

“இதுல ஏறி நில்லுங்க சார்.”

“எதுக்கு?”

“இன்னைக்கு நீங்கதான் கேமரா. உருண்டை தெரியற வரைக்கும் ‘தெரியுது, தெரியுது’ன்னு சொல்லீட்டே இருங்க.”

இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பார்த்தார். அக்காவை நினைத்துக்கொண்டு ஏறி நின்றார்.

மேகலா சாதாரண ரம்பத்தைக் கையில் எடுத்தாள்.

“தெரியுது... தெரியுது...”

இடது முழங்கையை விரித்துக்கொண்டு, மூக்கு எலும்பில் இடித்துவிடும் போலக் குனிந்தாள். அப்படிக் குனியச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். எலும்பு வாசனை மூக்கில் ஏற வேண்டும் என்பார்.

“தெரியுது... தெரி... ஏ, தலைய எடு!”

ரம்பம் நின்றது. மேகலா நிமிரவில்லை.

“தலைய எடும்மா! மூட்டு எங்கிருக்குதுன்னே தெரீல. உந்தலைதான் தெரியுது!”

கத்தி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

பலகையிலிருந்து இறங்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

“குனியாம எனக்குக் கை ஓடாது கண்ணு” என்றார் கடைசியில்.

“பழகிக்கலாங்க சார். கொஞ்ச நாளாகும்.”

“அதுவரைக்கும் அக்கா சுவத்தப் புடிச்சுட்டு நடக்கோணுமா?”

மேகலா ரம்பத்தை மேசையில் வைத்தாள்.

சென்னியப்பன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவற்றைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

“நீயே பண்ணு” என்றார். “நான் எங்க நின்னா மறைக்காது?”

மூலையில் ஒரு ஸ்டூல் கிடந்தது. மேகலா அதைத் தூக்கிவந்து மேசையின் தலைமாட்டில், அக்காவின் முகம் இருக்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டாள்.