இருபத்தொரு நாள் கொட்டகை

சுரைக்காப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். வினையே அதுதான். கறிக்கு மாடு வளர்க்கிற அந்த ஊருக்குச் சந்தையிலிருந்து ஒரு புதுக்காளை வந்தது. மாட்டு டாக்டரம்மா பார்த்தார்.

"சுத்துப்பட்டு ஊரெல்லாம் கோமாரி நோய். காளையை இருபத்தொரு நாள் தனியாக் கட்டுங்க. இதுகிட்ட போனவங்க மத்த மாட்டுகிட்ட போகாதீங்க."

ஒதுக்குப்புறக் கொட்டகையில் காளையைக் கட்டிவிட்டுத் திரும்பிய சூசையை, ஊர்ப்பெரியவர் லாசர் கொட்டகை வாசல் படலருகே மறித்தார்.

"காளைகிட்ட போனவன்தானே நீ?"

"நீங்கதானே மாமா கட்டச் சொன்னீங்க?"

"சொன்னேன். போனியா இல்லையா? உள்ள இரு, இருபத்தொரு நாள்."

சூசை மடியில் முடிந்திருந்த தாலியைத் தொட்டுப் பார்த்தான். இருபத்திரண்டாம் நாள் அவனுக்கும் செசிலிக்கும் கல்யாணம். அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்கவே மூன்று வருஷம் நாயாய் அலைந்திருந்தான். விரல்விட்டு எண்ணினான். எப்படியும் ஒருநாள் முன்னால் வெளியே வந்துவிடலாம். நிம்மதியாக வைக்கோலில் சாய்ந்தான்.

ஐந்தாம் நாள் மழை. படலுக்கு மேலாகக் கஞ்சி கொடுக்க வந்த அண்ணன், நனையாமலிருக்க உள்ளே ஒதுங்கிவிட்டான். ஊர் கூடியது.

"வெளிய இருந்து எந்த நோயைக் கொண்டாந்தானோ! இவனுக்கு இன்னைக்கு முதல் நாள்."

"கூட இருக்கிற சூசைக்கு?"

"அவனுக்கும்தான். நோய்க்கு அண்ணன் தம்பி தெரியுமா?"

"அப்ப காளைக்கு?"

லாசர் தாடையைத் தடவினார். "காளைக்கு இருபத்தொரு நாள்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அதை மாத்த நாம யாரு?"

பத்தாம் நாள் புருஷனைத் திட்ட அண்ணி உள்ளே போனாள். சமாதானம் பேச செசிலியின் அப்பா போனார். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு வர லாசர் போனார். ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் மறுபடி முதல் நாள். சூசை விரல்களை மடக்கி மடக்கி அழுதான்.

இருபத்தொன்று முடிந்ததும் காளை மட்டும் ஜம்மென்று வெளியே போனது.

மறுநாள் முகூர்த்தம். பட்டுச்சேலையில் செசிலி ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்.

"நான் மாட்டைத்தானேய்யா சொன்னேன்! எல்லாரும் எழுந்து வெளிய போங்க!"

சூசை துள்ளி எழுந்தான்.

லாசர் பணிவாகக் கேட்டார்: "எங்கிருந்தும்மா வர்றீங்க?"

"நாலு ஊர் மாட்டுக்கு ஊசி போட்டுட்டு வரேன்."

லாசர் படலைச் சாத்தினார். "உக்காருங்கம்மா. இன்னைக்கு முதல் நாள்."

சூசை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வெளியே செசிலி சற்று யோசித்தாள். பந்தல் வாழைமரத்தை மென்றுகொண்டிருந்த காளையைக் கயிற்றோடு இழுத்துவந்து படல் முன்னால் நிறுத்தினாள்.

"அழாதீங்க மச்சான். தாலியை இதுகிட்ட குடுத்தனுப்புங்க. நம்ம ஊர்ல நாள் முடிஞ்சது இது ஒண்ணுக்குத்தான்."